ஊருக்குப் புதியவரும் பத்து மாத அட்வான்ஸும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டை, பட்டரவாக்கம் தெருக்களில் 'டு-லெட்' பலகையும் 'ஆட்கள் தேவை' பலகையும் அடுத்தடுத்துத் தொங்கும். ஒடிசாவிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்து இறங்குபவருக்கு இரண்டாவது பலகை சொல்லும் வேலை சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. முதல் பலகையில்தான் சிக்கல். ஃபேமிலிக்கு மட்டும், பேச்சிலர் வேண்டாம், சைவம் மட்டும் என்ற நிபந்தனைகளையெல்லாம் தாண்டி வந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி நிற்கும்: "இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" இருக்கிறார்கள் என்றால் பேச்சு மேலே போகும். இல்லையென்றால் அட்வான்ஸ் தொகை மேலே போகும். பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்திருக்கிறது. ஆவடியிலும் பூந்தமல்லி சாலையிலும் உள்ள கல்லூரிகளுக்கு வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். தெரிந்தவர் யாருமில்லாமல் வீடு தேடுவோர் இந்தப் பக்கத்தில் இனியும் கூடத்தான் போகிறார்கள்.

ஆக, அட்வான்ஸ் என்பது ஒருவகை ஜாமீன். ஆள் சொல்லாத சாட்சியைப் பணம் சொல்கிறது. ஜாமீன் கேட்பதில் தப்பில்லை; ஆனால் இந்த ஜாமீன் இரு தரப்புக்குமே மோசமான பேரம் என்பது கணக்குப் போட்டால் தெரியும். வாடகை 10,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்தை வீட்டுக்காரர் வங்கியில் போட்டால், வருடத்துக்கு ஏழு சதவீத வட்டியில், மாதம் 600 ரூபாய்க்கும் குறைவாகத்தான் கிடைக்கும். புதிதாக வந்தவர் அதே லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார் என்றால் மாதம் 2,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. அதாவது வீட்டுக்காரர் 600 ரூபாய் பெறுவதற்காகக் குடியிருப்பவர் 2,000 ரூபாய் இழக்கிறார். அந்த 2,000 ரூபாயும் போவது வட்டிக்கடைக்காரருக்கு. இதற்குப் பதில் வாடகையில் 800 ரூபாய் கூட்டிக் கேட்டு, அட்வான்ஸை இரண்டு மூன்று மாதத்தோடு நிறுத்தினால் இருவருக்குமே லாபம். பல வீடுகளில் அந்த லட்சம் வங்கியிலும் இருப்பதில்லை. மாடி எழுப்பவோ மகள் கல்யாணத்துக்கோ செலவாகியிருக்கும். அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் போகிறவருக்குப் பணம். அதிலும் பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகை கழியும்.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது, பாதி மனதோடு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் தமிழ்நாடு ஒரு புதிய சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஆளை வெளியேற்றக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால், இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வரம்பு பொருந்தாது என்று அதே பிரிவே கதவைத் திறந்து விடுகிறது. பையில் துணியோடு தெருவில் நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்? பூட்டைச் செய்து சாவியையும் அதிலேயே தொங்கவிட்ட கதை.

வீட்டுக்காரர் பக்கம் ஞாயமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. இந்தப் பகுதியின் வீட்டுக்காரர்களில் பலர் பெரும் பணக்காரர்கள் அல்லர். ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலோ அம்பத்தூர் கம்பெனியிலோ உழைத்து, பி.எஃப். பணத்தில் மேலே ஒரு போர்ஷன் கட்டியவர்கள். அந்த வாடகைதான் அவர்களுக்கு மாதாந்திர மருந்துச் செலவு. பழைய சட்டக் காலத்தில், அற்ப வாடகையோடு தலைமுறை தலைமுறையாக நகராத குடித்தனக்காரர்களையும், நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்குகளையும் சென்னை பார்த்திருக்கிறது. எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அங்கிருந்து வந்தது. ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால் பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கமும் நிலைத்தது. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமான சட்டம் இப்போது இல்லை. புதிய சட்டத்தில் எழுத்து, வீட்டுக்காரருக்குத்தான் முதல் ஆயுதம்: காலம் முடிந்தும் போகாதவர் இரட்டிப்பு வாடகையிலிருந்து தொடங்கி இழப்பீடு தர வேண்டும். எழுதாமல், பதியாமல் விட்டவர் இந்தப் பாதுகாப்பைத் தானே கைகழுவுகிறார்.

இன்னொரு பயம், ஆள் யாரென்று தெரியாதது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்த ஐவரை, வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தது. வடமாநிலத்தவர் மீதான சந்தேகமும் கூடியது. விவரம் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. வாடகைக்குத் தர மறுப்பதால் நடப்பது என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும். மறுக்கப்பட்டவர் ஊரை விட்டுப் போய்விடுவதில்லை. ஒரு கான்ட்ராக்டர் தன் பெயரில் வீடு எடுத்து, அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்க வைத்து, தலைக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார். வீட்டுக்காரருக்குத் தெரிந்தது கான்ட்ராக்டரின் பெயர் ஒன்றுதான். எந்தக் கூட்டத்துக்கும் எந்த அடையாளமின்மைக்கும் பயந்தாரோ, அதுவே அவர் மாடியில் குடியேறுகிறது.

அப்படியானால் கம்பெனிகளும் அரசும் விடுதி கட்டட்டுமே என்பவர்கள் உண்டு. பூந்தமல்லியை அடுத்த ஜமீன் கொரட்டூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள், 2021 டிசம்பரில் உணவு நஞ்சாகி மருத்துவமனைக்குப் போனதையும், சக தொழிலாளர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பின் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. நல்ல காரியம், தேவையானதும்கூட. ஆனால் வேலையோடு ஒட்டிய படுக்கை வேலையோடு போய்விடும். கம்பெனி மாறினால் மூட்டை கட்ட வேண்டும். கல்யாணம் ஆனால் அங்கே இடமில்லை. விடுதி முதல் இரண்டு வருடத்துக்கு உதவும், அதற்கு மேல் வாடகை வீடுதான்.

'தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?' என்ற அதே கேள்வியை நம் பிள்ளைகள் வெளிநாட்டில் எதிர்கொள்கிறார்கள். பெர்லினில் கடன் நடத்தைச் சான்று கேட்பார்கள், லண்டனில் உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பார்கள். புதிதாகப் போனவரிடம் இரண்டும் இருக்காது. அங்கேயும் வீடு கிடைப்பது சுலபமில்லை. ஆனால் கொடுத்த பணம் எங்கே இருக்கிறது என்பதில் வித்தியாசம். ஜெர்மனியில் முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போக முடியாது. அதை மூன்று தவணையில் கட்டலாம். வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சம். அதையும் 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். பெயிண்டிங் தகராறு வந்தால் அதைத் தீர்க்க அந்தத் திட்டத்திலேயே ஏற்பாடு உண்டு.

இங்கே அந்த அளவுக்கு வர, சட்டத்தில் மூன்று மாத வரம்புக்கு உள்ள அந்த விதிவிலக்கை நீக்கவும் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லவும் வேண்டும். இது சட்டமன்ற வேலை. யாரையும் சாதி, மதம், உணவு பார்த்து மறுப்பதைப் பற்றி அந்தச் சட்டம் வாயே திறக்கவில்லை. அது இதைவிடக் கடினமான சண்டை. அதுவரை, அம்பத்தூரில் சூப்பர்வைசர் வீட்டுக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்லும் சிபாரிசைக் கம்பெனியே எழுத்தில் தரலாம்: இவர் எங்களிடம் வேலை பார்க்கிறார், இரண்டு மாத வாடகை வரை நாங்கள் பொறுப்பு என்று. அதைக் கல்லூரிகளும் செய்யலாம். வேலையை விட்ட பிறகு அந்தக் கடிதம் எத்தனை மாதம் செல்லும் என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் கான்ட்ராக்டர் போன இடத்தில் கம்பெனி வந்து உட்கார்ந்துவிடும்.