மலசலகூடத்தில் தண்ணீர் சரியாகப் போகவில்லையா? உடைக்குமுன் இதை வாசியுங்கள்

2008 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலுப்பைக்கடவையை விட்டு வெளியேறி, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமிலும் இருந்துவிட்டு, ஏ-32 வீதியால் மீண்டும் ஊருக்கு வந்திருக்கிறீர்கள். கூரை, கிணறு, வேலி என்று வேலை நிறையவே இருக்கும். மலசலகூடம் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். பழைய மலசலகூடத்தைத் துப்புரவு செய்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தால், ஊற்றிய தண்ணீர் அப்படியே நிற்கும். அல்லது, புதிதாகக் கட்டிய மலசலகூடமே மாரி தொடங்கியதும் மக்கர் பண்ணும்.

அந்த நேரத்தில் பலர் செய்யும் வேலை ஒன்று உண்டு. அலவாங்கை எடுத்து, கிண்ணத்தின் அடியிலுள்ள வளைவை இடித்து உடைத்து விடுவார்கள். உடனே எல்லாம் தாராளமாகப் போகும். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது போலவும் இருக்கும். ஆனால் அன்றிலிருந்து குழியிலுள்ள ஈயும் நுளம்பும் நாற்றமும் நேராக மேலே வரத் தொடங்கும். மலத்தில் இருந்த ஈ உங்கள் சோற்றுப் பானையில் வந்து இருக்கும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி ஆகியன பரவும் வழிகளில் இதுவும் ஒன்று. முகாமில் இந்த நோய்கள் பிள்ளைகளை என்ன பாடுபடுத்தின என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

உடைத்த வளைவைத் திரும்ப ஒட்ட முடியாது. கிண்ணத்தையே பெயர்த்துப் புதிதாக வைக்க வேண்டி வரும். எனவே முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். அதற்கு இரண்டு வாளி தண்ணீரும் ஒரு நீண்ட தடியும் போதும்.

தொடுவதற்கு முன்

ஆள் இல்லாமல் கிடந்த வளவுகளில் உள்ள கிணறுகளிலும் குழிகளிலும் வெடிபொருட்கள் கிடக்கக்கூடும். உங்கள் வளவு மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். உறுதியாகத் தெரியும்வரை பழைய குழியைத் தோண்டவோ, அதற்குள் கம்பியால் குத்தவோ வேண்டாம். உள்ளே இனந்தெரியாத இரும்புப் பொருளோ, வயரோ, பெட்டியோ தெரிந்தால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பி, மற்றவர்கள் போகாதபடி அடையாளம் வைத்து, உடனே அறிவியுங்கள்.

மூடியைத் திறக்கும்போது பாம்பு, தேள், குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீரடைப்பு மலசலகூடம் எப்படி வேலை செய்கிறது?

இதில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, சீமெந்தாலோ பீங்கானாலோ செய்த கிண்ணமும் அதன் அடியிலுள்ள வளைவும். இரண்டாவது, அங்கிருந்து குழிக்குப் போகும் 4 அங்குலக் குழாய். மூன்றாவது, கொங்கிறீட் வளையங்கள் இறக்கிய குழி. சில வீடுகளில் கிண்ணத்துக்கு நேர் கீழேயே குழி இருக்கும். அங்கே இடையில் குழாய் இராது.

வளைவில் எப்போதும் ஏறக்குறைய ஓர் அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. மலம் கீழே போகும். நாற்றமும் பூச்சியும் மேலே வராது. 1775 இல் இலண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்ற கடிகாரத் தொழிலாளி இத்தகைய வளைவுக்கு உரிமம் பெற்றார். இன்றுவரை உலகெங்கும் வீட்டு மலசலகூடங்கள் இதே வழியில்தான் நாற்றத்தைத் தடுக்கின்றன.

கோளாறு எங்கே?

முதலாம் சோதனை: ஒரு வாளி தண்ணீரை ஒரே வீச்சில் கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

• தண்ணீர் உடனே போய் மலம் மட்டும் தங்கினால், அடைப்பு எதுவும் இல்லை. ஊற்றும் முறையை மாற்ற வேண்டும்.
• ஊற்றியவுடனேயே தண்ணீர் ஏறி, மெல்ல மெல்ல இறங்கினால், அடைப்பு பெரும்பாலும் வளைவில் இருக்கும்.
• அரை வாளி தாராளமாகப் போய், அதன் பிறகு ஏறினால், அடைப்பு குழாயில் இருக்கலாம், அல்லது குழி நிறைந்திருக்கலாம்.

இரண்டாம் சோதனை: குழியின் மூடியைத் திறந்து, சற்று நேரம் காற்றுப் பட விடுங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கிட்டக் கொண்டு போகாதீர்கள். குழியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். வெளியே நின்றபடியே பாருங்கள். குழிக்குள் நிற்கும் தண்ணீர் குழாயின் வாயைத் தொட்டுக்கொண்டோ அதற்கு மேலாகவோ இருந்தால், குறை குழியில்தான். அப்போது வளைவைக் குத்துவதும் உடைப்பதும் வீண்வேலை. தண்ணீர் குழாய் வாய்க்குக் கீழே நன்றாகத் தாழ்ந்து நின்றால், ஒருவர் கிண்ணத்தில் ஊற்ற மற்றவர் குழாய் வாயைப் பார்க்கட்டும். அங்கே சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால், அடைப்பு வளைவிலோ குழாயிலோ இருக்கிறது.

பார்த்து முடிந்ததும் மூடியை உடனே மூடிவிடுங்கள். திறந்த குழி பிள்ளைகளுக்கும் ஆடுமாட்டுக்கும் ஆபத்து.

அடைப்பு இல்லை, ஆனால் மலம் தங்குகிறது

ஒவ்வொரு முறையும் 2 முதல் 3 லீற்றர் தண்ணீர் போதும். ஆனால் அதைச் சிறு வாளியில் எடுத்து, முழங்கால் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் துவாரத்தை நோக்கி ஊற்ற வேண்டும். பேணியால் கொஞ்சம் கொஞ்சமாக 10 லீற்றர் ஊற்றினாலும் மலம் தள்ளப்படாது. இருப்பதற்கு முன் கிண்ணத்தை நனைத்துவிட்டால் மலம் ஒட்டாது.

சீமெந்துக் கிண்ணம் சொரசொரப்பாக இருந்தால், நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, சீமெந்துப் பால் பூசி வழவழப்பாக்குங்கள்.

கோடையில் தண்ணீர் குறையும்போது உடுப்பு அலசிய தண்ணீரைச் சேர்த்து வைத்து இதற்குப் பயன்படுத்தலாம். உப்புத் தண்ணீரும் கூடாது என்றில்லை. குடிதண்ணீரை இதற்குச் செலவிட வேண்டாம்.

அடைப்பு வளைவில்

கடற்கரைப் பக்க வீடுகளில் வளைவை அடைப்பது பெரும்பாலும் மணல். காலில் ஒட்டி வரும் மணல் கிண்ணத்தில் விழுந்து, கனமாக இருப்பதால் வளைவின் அடியில் தங்கிவிடும். நெடுநாள் பூட்டிக் கிடந்த மலசலகூடத்தில் சருகு, இடிந்த சாந்து, ஓட்டுத்துண்டு ஆகியவை கிடக்கும். ஆள் இருக்கும் வீட்டில் பொலித்தீன் பை, துணி, மாதவிடாய்த் துணி, பிள்ளைகள் போட்ட கல் என்பன அடைக்கும்.

1. கைக்கு ரப்பர் உறை போடுங்கள். இல்லையென்றால் தடித்த பொலித்தீன் பை இரண்டைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். கையில் காயம் உள்ளவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.
2. கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பேணியால் அள்ளிப் பக்கத்து வாளியில் ஊற்றுங்கள். அதைப் பிறகு குழிக்குள்ளேயே விடுங்கள்.
3. கல், மணல், துணி எட்டுமானால் கையால் எடுங்கள். எட்டாவிட்டால் பழைய சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, மெதுவாக உள்ளே விட்டு இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பதே நல்லது. தள்ளினால் அடைப்பு குழாய்க்குப் போய்விடும்.
4. எதுவும் வராவிட்டால் ஒரு தடியின் நுனியில் பழைய துணியைத் துவாரத்தின் அளவுக்குப் பந்துபோலச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்தப் பந்தால் 10, 12 தடவை மேலும் கீழுமாக விரைவாக அமுக்கி இழுங்கள். தண்ணீரின் தள்ளுதலே அடைப்பை அசைத்துவிடும்.
5. ஒரு வாளி தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டி வரலாம்.

கொதிநீர் ஊற்றாதீர்கள், பீங்கான் வெடித்துவிடும்.

அடைப்பு குழாயில்

குழியின் பக்கமிருந்து, வளையக்கூடிய கறுத்தத் தண்ணீர்க்குழாய்த் துண்டொன்றை விட்டுக் குத்தி இழுங்கள். மர வேர் புகுந்திருந்தாலோ, மேலே வாகனம் ஏறிக் குழாய் நசுங்கியிருந்தாலோ அந்தத் துண்டைத் தோண்டி மாற்றத்தான் வேண்டும்.

சரிவையும் பாருங்கள். 10 அடி நீளத்துக்கு 4 அங்குலமாவது குழிப் பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த ஓஸில் தண்ணீர் நிரப்பி இதை அளக்கலாம். சரிவு போதாவிட்டால் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் திரும்ப அடைக்கும்.

குறை குழியில்

இங்கே ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். தண்ணீர் ஊறிப்போன பின் ஒருவரின் மலம் குழியில் பிடிக்கும் இடம் ஆண்டுக்குச் சுமார் 40 லீற்றர். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 200 லீற்றர். 3 அடி அகலமும் 6 அடி ஆழமும் உள்ள குழி ஏறக்குறைய 1200 லீற்றர் பிடிக்கும். அப்படியானால் அது நிறைய ஆறு ஆண்டுகள் வரை ஆக வேண்டும். ஓர் ஆண்டிலேயே நிறைந்துவிட்டது என்றால் அதை நிறைத்தது மலம் அல்ல, தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

• குளிக்கும் தண்ணீர், சமையலறைத் தண்ணீர் குழிக்குள் விடப்பட்டிருந்தால் அதைத் திருப்பி வாழை, தென்னைக்கு விடுங்கள்.
• மழை வெள்ளம் மூடியின் ஓரத்தால் இறங்கினால், மேல் வளையத்தை நிலத்துக்கு ஓரடி உயர்த்தி, சுற்றி மண் அணைத்து இறுக்குங்கள். மூடியின் விளிம்பைச் சாந்தால் பூசுங்கள்.
• வயற்பக்கக் களிமண் நிலத்தில் தண்ணீர் ஊறாது. புதிதாகக் குழி வெட்டும்போது வளையத்தைச் சுற்றி அரை அடி அகலத்துக்குச் சல்லியும் பரு மணலும் போட்டு நிரப்புங்கள்.
• ஐப்பசி முதல் தை வரை மட்டும் கோளாறு வந்து, பங்குனியில் தானாகச் சரியானால், நிலத்தடி நீர் ஏறிக் குழிக்குள் வருகிறது என்று அர்த்தம். ஆழமாக்கினால் இன்னும் மோசமாகும். ஆழம் குறைந்த குழி வெட்டி, வளையங்களை நிலத்துக்கு மேலே உயர்த்தி, மலசலகூடத்தையும் மேடையில் வைப்பதே வழி. குழியின் அடி, மாரி நீர்மட்டத்துக்கு 5 அடியாவது மேலே இருப்பது நல்லது.

உண்மையிலேயே மலத்தால் நிறைந்திருந்தால், கழிவு உறிஞ்சும் பவுசர் கிடைக்குமா என்று பிரதேச சபையிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், 6 அடி தள்ளி இரண்டாவது குழி ஒன்று வெட்டிக் குழாயை அதற்குத் திருப்புங்கள். பழைய குழியை மூடி இரண்டு ஆண்டுகள் விடுங்கள். மலம் மண்ணாக மாறிக் காய்ந்த பின் அதை அள்ளித் தென்னை அடியில் தாட்கலாம். முதல் குழி மீண்டும் பாவனைக்கு வரும்.

புதிய குழி எந்தக் கிணற்றிலிருந்தும் 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். மணல் நிலத்தில் கிருமி தூரம் போகும். அங்கே முடிந்தால் 100 அடி விடுங்கள். உங்கள் கிணற்றை மட்டும் பார்க்காமல் பக்கத்து வளவுக் கிணற்றையும் அளந்து பாருங்கள்.

ஒருபோதும் செய்யக் கூடாதவை

• குழிக்குள் இறங்காதீர்கள். அங்குள்ள வாயு ஓரிரு மூச்சில் மயக்கிக் கொல்லும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.
• அசிட் ஊற்றாதீர்கள். அசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் நச்சுவாயு உண்டாகும். குழியில் மலத்தை மண்ணாக்கும் நல்ல கிருமிகளும் செத்துவிடும்.
• அள்ளிய மலத்தைப் பாலியாற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ கடலேரியிலோ கொட்டாதீர்கள்.
• வளைவை உடைக்காதீர்கள்.

திருத்திய பிறகு

வாசலில் ஒரு சாக்கைப் போட்டு, காலைக் கழுவிய பின் உள்ளே போகப் பழக்குங்கள். மாதவிடாய்த் துணிக்கும் குப்பைக்கும் மூடியுள்ள வாளி ஒன்றை உள்ளேயே வையுங்கள். இல்லாவிட்டால் அவை கிண்ணத்துக்குள்தான் போகும். காற்றுக் குழாயின் நுனியில் நுளம்பு வலை கட்டுங்கள். கால் இழந்தவரோ வயதானவரோ வீட்டில் இருந்தால், இந்த வேலையோடு சேர்த்துச் சுவரில் பிடிகம்பு ஒன்றும் பொருத்திவிடுங்கள். வேலை முடிந்ததும் கை, கால், கருவிகள் எல்லாவற்றையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவும் செய்தும் தண்ணீர் போகாவிட்டால், புதிதாகக் காசு செலவழிக்க முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுங்கள். குழிக்கு இடம் பார்த்துத் தருவது அவரது கடமைகளில் ஒன்று. உதவித்திட்டத்தில் கட்டிய மலசலகூடமாக இருந்தால், கட்டித் தந்த நிறுவனத்தின் களப்பணியாளரிடமும் சொல்லுங்கள். சரிவு பிழை, குழிக்கு இடம் பிழை என்றால் அது உங்கள் குற்றம் அல்ல. திருத்தித் தரும்படி கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.