சொல்வாரும் கேட்பாரும்

ஒரு தொழிலகம் செவ்வனே நடைபெற்றால் அதன் தலைவரைப் புகழ்கிறோம். அது சீர்கெட்டால் அவரையே பழிக்கிறோம். சில வேளைகளில், "தலைவர் நல்லவர்தாம், கீழே உள்ளவர்கள் சரியில்லை" என்று பழியை மறுபுறம் தள்ளிவிடுகிறோம். இவற்றுள் எதுவும் முழு உண்மை அன்று. பலர் கூடிச் செய்யும் வேலையில் தலைமை தாங்குவோர்க்கும் கடமை உண்டு. அவர் வழி நின்று பணி செய்வோர்க்கும் கடமை உண்டு. ஒருவர் கடமையை மற்றவர் செய்துவிட முடியாது. இதனை வெறும் அறிவுரையாகக் கூறாமல், நடந்த நிகழ்ச்சிகள் சிலவற்றைக் கொண்டு விளக்க விரும்புகின்றேன்.

பணியிடம் என்றவுடன் ஆலையும் அலுவலகமும் உங்கள் நினைவுக்கு வரலாம். நான் எடுத்துக்கொள்வது அவற்றினும் மிகச் சிறிய ஓர் இடம். விமானத்தின் முன்புறத்தில் விமானிகள் அமரும் அறையே அது. முன்னாளில் பெரிய விமானங்களில் அங்கு மூவர் இருந்தனர்: தலைமை விமானி, துணை விமானி, இயந்திரங்களைக் கண்காணிக்கும் பொறியாளர். அவர்கள் பேசும் பேச்சு ஒரு கருவியில் பதிவாகிறது. யார் என்ன சொன்னார், யார் அதனைக் கேட்டார், யார் கேளாது விட்டார் என்பதைப் பின்னர் ஆராய்ந்து அறிய முடிகிறது. வேறு பணியிடங்களில் இத்தகைய தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆதலின் அச்சிறிய அறை எல்லாப் பணியிடங்களுக்கும் பாடம் கற்பிக்கும் பள்ளிக்கூடமாக விளங்குகிறது.

1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள். அட்லாண்டிக் மாகடலில், ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கனேரித் தீவுகளுள் டெனரீஃப் என்பது ஒன்று. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால், அங்கு இறங்க வேண்டிய விமானங்கள் பல டெனரீஃபின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றுள் இரண்டு, போயிங் 747 என்னும் பெருவிமானங்கள். ஒன்று டச்சு நாட்டினது; மற்றொன்று அமெரிக்க நாட்டினது. மீண்டும் புறப்படும் வேளையில் மூடுபனி சூழ்ந்தது. ஓடுபாதையோ ஒன்றுதான். அதன் ஒரு முனையில் டச்சு விமானம் புறப்படுவதற்கு ஆயத்தமாக நின்றது. அதே பாதையில் அமெரிக்க விமானம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பனித்திரையால் ஒன்றை மற்றொன்று காண இயலவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தோரும் இரண்டையும் காணவில்லை.

டச்சு விமானத்தின் தலைமை விமானி சாதாரணமானவர் அல்லர். தம் நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளுள் ஒருவர். பிற விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர். அன்று அவர் அருகில் அமர்ந்திருந்த துணை விமானியின் தகுதியைச் சோதித்துச் சான்று வழங்கியவரும் அவரே. பணிநேர வரம்பு முடிவதற்குள் புறப்பட்டாக வேண்டும் என்னும் நெருக்கடி அவருக்கு இருந்தது. அவர் முதன்முறை விமானத்தைச் செலுத்த முற்பட்டபோது, இன்னும் இசைவு கிடைக்கவில்லை என்று துணை விமானி சொன்னார். தலைவர் நிறுத்திக்கொண்டார். பின்னர்ப் பறக்கும் வழியைப் பற்றிய செய்தி மட்டும் கோபுரத்திலிருந்து வந்தது. புறப்படுவதற்கு இசைவு வரவில்லை. ஆயினும் தலைவர் மீண்டும் விமானத்தைச் செலுத்தத் தொடங்கினார். இம்முறை துணை விமானி அவரைத் தடுக்கவில்லை. வானொலியில் இரண்டு செய்திகள் ஒரே நொடியில் மோதிக்கொண்டதால், கேட்க வேண்டிய எச்சரிக்கையும் தெளிவாகக் கேட்கவில்லை. பின்னிருக்கையில் இருந்த பொறியாளருக்கு மட்டும் ஐயம் எழுந்தது. அமெரிக்க விமானம் பாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று அவர் வினவினார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாக விடையளித்தார். பொறியாளர் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர்.

அந்தப் பொறியாளர் கண்டது உண்மை. கேட்ட கேள்வியும் சரியான கேள்வி. ஆனால் அது வினாவாகவே நின்றுவிட்டது. "நிறுத்துங்கள்" என்னும் சொல்லாக மாறவில்லை. தலைவரும் தீயவர் அல்லர், திறமையற்றவரும் அல்லர். அவருடைய பெருந்திறமையே அன்று பிறர் வாயை அடைத்தது. இவ்வளவு அறிந்தவர் தவறு செய்வாரா என்னும் எண்ணம் அருகிலிருப்போரைக் கட்டிப்போட்டது.

மறு ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை நோக்கி ஒரு விமானம் வந்தது. இறங்குவதற்காகச் சக்கரங்களைக் கீழே விட்டபோது ஏதோ பழுது தோன்றியது. தலைமை விமானி அதனை ஆராய்வதிலும், நேரக்கூடிய விபத்துக்குப் பயணிகளை ஆயத்தம் செய்வதிலும் முழுக்கவனம் செலுத்தினார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் விமானம் வானில் வட்டமிட்டது. அதற்கிடையில் எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. மற்ற இருவரும் அதனைக் குறிப்பிட்டனர். ஆனால் அவ்வப்போது ஓர் எண்ணைச் சொல்வது போலச் சொன்னார்களே அன்றி, "இப்பொழுதே இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்" என்று வற்புறுத்திச் சொல்லவில்லை. தலைவரும் அச்சொற்களின் பொருளை உள்ளத்தில் வாங்கவில்லை. முடிவில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானம் நகரின் புறத்தே விழுந்தது. அதில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதைக் கணித்துச் சொல்லி வந்த பொறியாளரும் அவர்களுள் ஒருவர்.

இவ்விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1979ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. எரிபொருளைக் கவனியாதது தலைவரின் தவறு என்று அது கூறியது. அத்தோடு நிற்கவில்லை. ஆபத்தின் அளவை முற்றும் உணராமையோ, உணர்ந்ததைத் தலைவர் மனத்தில் பதியுமாறு சொல்லாமையோ மற்ற இருவரின் குறை என்றும் கூறியது. ஆகவே இரண்டு வகைப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. பிறரைக் கலந்து பணியை நடத்தும் முறையைத் தலைமை விமானிகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஒன்று. தம் கருத்தைத் துணிந்து எடுத்துரைக்கும் திறனை மற்றவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது மற்றொன்று. தலைவரை மட்டும் திருத்தினால் போதாது. பணியாளரை மட்டும் திருத்தினாலும் போதாது என்பதை இங்கே காண்கிறோம். கேட்கப் பழகாத தலைவரிடம் துணிந்து பேசுபவர் துன்புறுவார். பேசத் துணியாத பணியாளரிடம் "சொல்லுங்கள்" என்று தலைவர் எத்தனை முறை கூறினும் விடை வாராது. 1981ஆம் ஆண்டு முதல் இத்தகைய பயிற்சி விமான நிறுவனங்களில் தொடங்கி, நாளடைவில் உலகெங்கும் பரவியது.

அதனால் விளைந்த பயன் யாது? 1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், டென்வரிலிருந்து சிகாகோவுக்குச் சென்ற ஒரு விமானத்தின் வால்புற இயந்திரம் நடுவானில் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பும் உறுப்புகளை இயக்கும் எண்ணெய்க் குழாய்கள் யாவும் பழுதுபட்டன. கைப்பிடியை எப்பக்கம் திருப்பினும் விமானம் அசையவில்லை. இத்தகைய நிலைக்கு எந்த நூலிலும் வழி எழுதப்படவில்லை. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ் அப்பொழுது என்ன செய்தார்? எல்லாம் எனக்குத் தெரியும் என்று இருந்துவிடவில்லை. உடனிருந்தோர் ஒவ்வொருவரின் கருத்தையும் கேட்டார். பயிற்சி விமானி ஒருவர் அன்று பயணியாக வந்திருந்தார். அவர் உதவ முன்வந்தபோது, மறுக்காமல் உள்ளே அழைத்துக்கொண்டார். எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் வேகத்தை மாற்றி மாற்றிக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்பும் வேலையை அப்புதியவரிடமே ஒப்படைத்தார். நால்வரும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் போராடி, சூ சிட்டி என்னும் நகரத்தின் விமான நிலையம் வரை கொண்டுவந்தனர். இறங்கும்போது விமானம் நொறுங்கியது. 296 பேரில் 112 பேர் இறந்தனர். 184 பேர் உயிர் பிழைத்தனர். தரையில் அதே நிலையைச் செயற்கையாக அமைத்து, தேர்ந்த விமானிகள் பின்னர்ப் பலமுறை முயன்றும் விமானத்தைச் செம்மையாக இறக்க இயலவில்லை. தாம் பெற்ற கூட்டுப் பயிற்சியே அன்று கைகொடுத்தது என்று ஹேன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் கூறிவந்தார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். எல்லாரும் பேசத் தொடங்கினால் ஆணையிடுவார் யார்? பணியிடம் சந்தைக்கடை ஆகிவிடாதா? சூ சிட்டி நிகழ்ச்சியே இதற்கு விடை கூறுகிறது. ஹேன்ஸ் எல்லாரிடமும் கேட்டார். ஆனால் தலைமையைக் கைவிடவில்லை. இறுதி முடிவு அவருடையதாகவே இருந்தது. பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது வேறு. அதிகாரத்தைச் சிதறடிப்பது வேறு. முடிவு செய்வதற்கு முன் பலர் சொல்லைக் கேட்க வேண்டும். முடிவு செய்தபின், அதில் உயிருக்கோ அறத்துக்கோ கேடு இல்லையெனில், தம் கருத்து ஏற்கப்படாதவரும் மனமொத்து உழைக்க வேண்டும். அதுவும் பணியாளர் கடமையே ஆகும்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. இடித்துரைப்பார் துணை இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாவிடினும் தானே கெடுவான் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில் வைத்தார். அரசன் தானாக அறியாதவனாயினும், அறிந்து சொல்வாரைப் புறக்கணிப்பவனாயினும், அவனுக்கு நன்மை பயப்பதை எடுத்துக் கூறுவது அருகிலிருக்கும் அமைச்சன் கடமை என்பதை 'அமைச்சு' அதிகாரத்தில் வைத்தார். முன்னது தலைவனுக்கு, பின்னது அவனைச் சார்ந்தோர்க்கு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் நிறைவுபெறும். நாமோ பெரியோரை மதித்தல் என்னும் நற்பண்பை, அவர் முன் வாய்திறவாமை என்று குறுக்கிக்கொண்டோம். பணிவு வேறு, மௌனம் வேறு. தலைவர் குழியில் விழப் போவதைக் கண்டும் மரியாதையாக நின்றுகொண்டிருப்பது மரியாதை ஆகாது.

இனி, ஒவ்வொருவர் கடமையையும் சுருக்கமாகக் காண்போம். தலைவர், வேலை தொடங்கும்போதே பிறர் கருத்தைக் கேட்க வேண்டும். ஆபத்து வந்தபின் அழைத்தால் எவரும் வாய்திறவார். "எல்லாம் சரிதானே?" என்று கேட்டால் "ஆம்" என்னும் விடையே வரும். "இதில் எது தவறிப்போகலாம்?" என்று கேட்டால் உண்மை வெளிப்படும். படைத்துறை நீதிமன்றங்கள் பலவற்றில் இளைய அதிகாரி முதலில் தம் முடிவைக் கூறுவார். மூத்தவர் கடைசியில்தான் பேசுவார். மூத்தவர் சொல்லைக் கேட்டபின் இளையவர் மாறுபடத் தயங்குவர் என்பதே காரணம். எச்சரிக்கை செய்தவரின் கருத்து தவறாகப் போனாலும், தலைவர் அவருக்கு நன்றி கூற வேண்டும். ஒருமுறை எள்ளி நகையாடினால், மறுமுறை உண்மையான ஆபத்து வரும்போது அவர் பேசமாட்டார்.

பணியாளர், தாம் கண்டதைக் குறிப்பாக உணர்த்தாமல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கண்டது எது, அதனால் வரும் கேடு எது, செய்யத் தக்கது எது என்னும் மூன்றையும் கூற வேண்டும். தலைவர் செவியில் ஏறவில்லையெனில் மீண்டும் கூற வேண்டும். அதே வேளையில், தம் விருப்பத்தையும் உண்மையான ஆபத்தையும் பிரித்தறிய வேண்டும். எல்லாவற்றுக்கும் குறை கூறுபவரின் எச்சரிக்கை விரைவில் மதிப்பிழந்துபோகும்.

இவ்விரு கடமைகளும் ஒரே எடை உடையன என்று நான் கூறமாட்டேன். பேசுகின்ற பணியாளர் தம் வேலையையே இழக்க நேரலாம். கேட்கின்ற தலைவர் இழப்பது பெரும்பாலும் தற்பெருமை ஒன்றே. ஆகவே முதலடியை எடுத்து வைக்க வேண்டியவர் தலைவர். கேட்பேன் என்னும் நம்பிக்கையை அவர் முதலில் ஊட்ட வேண்டும். அந்நம்பிக்கை பிறந்தபின்னும் வாய்மூடி இருப்பவர், பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

வானத்தில் கற்ற பாடம் நிலத்துக்கும் பொருந்தும். ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில், பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கிய கயிற்றை இழுக்கலாம் என்னும் முறை நெடுங்காலம் இருந்தது. மேற்பார்வையாளர் உடனே அங்கு வருவார். பழுது தீராவிட்டால் வேலை வரிசையே நின்றுவிடும். அறுவை சிகிச்சைக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் 19 குறிப்புகள் அடங்கிய பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கத்தியை வைப்பதற்கு முன் அறையில் உள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் கூற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பெயர் சொல்லி வாய்திறந்த செவிலியர், பின்னர்த் தவறு கண்டால் பேசத் தயங்கமாட்டார் அன்றோ?

மாணவ நண்பர்களே, இவையெல்லாம் பதவிக்கு வந்தபின் கற்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உடன் பயிலும் தோழன் தவறான குப்பியை எடுக்கும்போது நீங்கள் பணியாளர். விளையாட்டுக் குழுவுக்கோ விடுதிக்குழுவுக்கோ பொறுப்பேற்கும்போது நீங்கள் தலைவர். பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் ஒருவருக்குக் கீழும் வேறொருவருக்கு மேலுமாகவே பணி செய்கின்றனர். மேலே உள்ளவரிடம் நாம் எதிர்பார்க்கும் செவியைக் கீழே உள்ளவருக்கு நாம் கொடுக்கின்றோமா? கீழே உள்ளவரிடம் நாம் எதிர்பார்க்கும் உண்மையை மேலே உள்ளவரிடம் நாம் சொல்கின்றோமா? இவ்விரு கேள்விகளையும் நாள்தோறும் தம்மையே கேட்டுக்கொள்பவர் எங்கே பணி செய்தாலும் அவ்விடம் நலம்பெறும்.