மழித்த முடி மீண்டும் முளைப்பது எப்படி?

திருமலைக் கல்யாணகட்டாவைப் பற்றித் திருப்பதியில் பயிலும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரவென்றும் பகலென்றும் பாராமல் அங்கே கத்திகள் இயங்குகின்றன. செல்வரும் ஏழையரும், குழந்தையும் கிழவரும், ஆடவரும் பெண்டிரும் ஒரே வரிசையில் அமர்ந்து முடியைக் காணிக்கையாக்குகின்றனர். இறைவன் தலைக் காயத்தை மறைக்கத் தன் கூந்தலையே அரிந்தளித்தாள் நீலாதேவி என்பது கதை. ஏழு மலைகளுள் ஒன்றான நீலாத்திரி அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

காணிக்கையாகக் கொடுத்த பொருள் நம்மிடமே திரும்பி வருவதுண்டா? முடி வருகிறது! கை போனால் கை முளைப்பதில்லை. பல் போனால் கிழவனுக்குப் பல் முளைப்பதில்லை. முடிக்கு மட்டும் இந்தப் பேறு எங்ஙனம் வாய்த்தது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கத்தி வெட்டுவது உயிரற்ற பொருளை. தலைக்கு மேலே தெரியும் முடி, கெராட்டின் என்னும் புரதம் நிறைந்த, இறந்துபோன உயிரணுக்களின் கோவை. அதனாலன்றோ வெட்டும்போது வலிப்பதில்லை! உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கிறது. அதுவே மயிர்க்கால். நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. ஒவ்வொன்றின் அடியிலும் சிறு மேடு ஒன்று உண்டு. அதைச் சூழ்ந்த உயிரணுக்கள் ஓயாது பிரிந்து பெருகி, மேலே தள்ளப்பட்டு, இறுகி, முடியாகின்றன. ஒரு முடி நாளொன்றுக்கு வளர்வது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். ஆயினும் தலையிலுள்ள முடிகளின் வளர்ச்சியை எல்லாம் கூட்டினால், ஒவ்வொரு நாளும் 30 மீட்டர் இழையை நாம் நூற்கிறோம்!

இந்தத் தறி என்றென்றும் ஓடுவதில்லை. தலைமுடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளரும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் மயிர்க்காலின் கீழ்ப்பகுதி சுருங்கிவிடும். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் புது முடி முளைக்கும், பழையது உதிரும். நாள்தோறும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது இதனால்தான். சீப்பில் நாலு முடியைக் கண்டு கலங்கும் நண்பர்கள் இதை நினைவில் கொள்க. புருவ முடியின் வளர்பருவம் சில மாதங்களே. ஆகவே அது கூந்தலாக நீள்வதில்லை.

சுருங்கிய மயிர்க்கால் எதைக் கொண்டு மீண்டும் தழைக்கிறது? சித்தூர்ப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளைப் பாருங்கள். கரும்பை வெட்டிய பின் மண்ணில் நிற்கும் கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கிறது. மயிர்க்காலிலும் அத்தகைய கட்டை ஒன்று உண்டு. மேல்பாதியில், முடியைச் சிலிர்க்கச் செய்யும் தசை வந்து சேருமிடத்தில், ஒரு புடைப்பு இருக்கிறது. அங்கே குருத்தணுக்கள் உறங்குகின்றன என்பதை 1990-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அடிமேட்டிலிருந்து வேதிச் செய்தி வந்ததும் அவை விழித்துப் பெருகிக் கீழ்ப்பகுதியைப் புதிதாகக் கட்டுகின்றன. அதற்கு முன்பே, 1966-ல், ஆலிவர் என்பவர் எலியின் மீசைமயிர்க்காலில் அடிப்பகுதியை அறுத்து நீக்கினார். அளவோடு நீக்கியபோது அந்த மேடே புதிதாகத் தோன்றி, மீசை மறுபடியும் முளைத்தது.

விலங்கிற்கு விலங்கு இம்முறை வேறுபடும். எலியின் உடலில் முடி அலை அலையாக ஒருசேர வளரும். நம் தலையிலோ ஒவ்வொரு மயிர்க்காலும் தன் போக்கில் இயங்கும். அதனால்தான் நாம் ஒரே நாளில் மொட்டையாவதில்லை. மெரினோ ஆட்டின் கம்பளி வெட்ட வெட்ட வளரும். இப்பகுதியில் மேயும் நெல்லூர் ஆட்டுக்கோ குட்டை மயிர்தான், கம்பளியே கிடையாது.

மொட்டையடித்தால் முடி அடர்ந்து வளரும் என்பர் பெரியோர். 1928-ல் மில்ட்ரெட் டிராட்டர் என்ற அறிஞர் மழித்து மழித்து அளந்து பார்த்தார். தடிப்பும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை. வெட்டாத முடியின் நுனி கூர்மையானது. வெட்டிய முனை மழுங்கியது. தடவும்போது அது தடித்ததாகத் தோன்றுகிறது, அவ்வளவே. மயிர்க்கால்களின் எண்ணிக்கையைக் கத்தி எப்படிக் கூட்டும்?

இவற்றை அறிவதால் நமக்கு என்ன பயன்? கடுங்காய்ச்சல் வந்து தேறிய இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதுண்டு. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் அப்படியே. பல மயிர்க்கால்கள் ஒருங்கே ஓய்வில் புகுந்ததே காரணம். சில மாதங்களில் பெரும்பாலும் தானே சீராகும். புற்றுநோய் மருந்து, வேகமாகப் பிரியும் அணுக்களைத் தாக்குவதால் முடி உதிர்கிறது. ஆனால் உறங்கும் குருத்தணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சிகிச்சைக்குப் பின் முடி திரும்புகிறது. இதை அறியாமல் எத்தனை பெண்கள் கண்ணாடியின் முன் கண்ணீர் வடிக்கின்றனர்! எத்தனை பேர் ஏளனத்துக்கு அஞ்சி வெளியே வரத் தயங்குகின்றனர்! நம் வகுப்பில் அப்படி ஒருவர் அமர்ந்திருந்தால், நகைப்பது நம் அறியாமையையே காட்டும்.

ஆண்களின் வழுக்கை வேறு கதை. பரம்பரையும் ஆண் சுரப்பிநீரும் சேர்ந்து மயிர்க்காலைச் சிறுகச் சிறுகக் குறுக்குகின்றன. இதற்கு விடுதித் தண்ணீரை நொந்து பயனில்லை. வழுக்கைத் தலையிலும் குருத்தணுக்கள் எஞ்சியிருப்பதை 2011-ல் கண்டனர். அவற்றை எழுப்பும் வழியைத்தான் இன்னும் தேடுகின்றனர். வளர்ச்சிக்கு ஓரளவு உதவும் மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவரைக் கேட்டே கொள்ள வேண்டும். பின்தலை முடியைப் பெயர்த்து முன்தலையில் நாற்று நடுவதுபோல் நடும் முறையை 1959-ல் ஓரன்ட்ரைக் விளக்கினார். நீலாதேவியின் கதையை இங்கே நினைத்துக் கொள்ளலாம்!

ஒரு மாதத்தில் புதர்போல் முடி வளரும் என்று ஆசை காட்டும் எண்ணெய்ப் புட்டிகளுக்கு மாணவர் பணம் வீணாகப் போகிறது. மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் என்பது இயற்கையின் கணக்கு. அந்தக் கணக்கைத் தெரிந்தவரிடம் போலி வாணிபம் பலிக்காது. மலையேறி முடி கொடுத்துத் திரும்பும் நண்பரும் அதே கணக்கை நம்பிப் பொறுத்திருக்கலாம். ஆண்டொன்று செல்வதற்குள் நாலைந்து அங்குலம் நிச்சயம்.