மண்கல்லும் நடுவில் நிற்பவரும்

பெங்களூரில் மனை வாங்கிய சங்க அன்பர்கள் பலர், கட்டடப் பொறியாளன் என்பதால் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடிக்கு என்ன ஆகும்?" என்பதே. "சுவருக்கான கல்லைச் சுட எவ்வளவு எரிந்தது?" என்று எவரும் கேட்பதில்லை.

அதற்குக் கணக்குப் போட்டவர்கள் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தார். பேராசிரியர் அமுல்ய ரெட்டியின் முயற்சியால் 1974-இல் அங்கே 'அஸ்த்ரா' அமைப்பு தோன்றியது. அங்கு கே.எஸ். ஜகதீஷ், வெங்கடராம ரெட்டி போன்றோர் மண்கல்லை ஆராய்ந்தனர். செம்மண்ணில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு சிமெண்ட் கலந்து, கை அச்சில் அழுத்தி, சூளைக்கு அனுப்பாமல் ஈரத்திலேயே பதப்படுத்துவது இது. அவ்விருவரும் 2003-இல் வெளியிட்ட கணக்கின்படி, செங்கல்லுக்கு ஆகும் எரிசக்தியில் ஏறக்குறைய கால் பங்கே இதற்குப் போதும்.

ஆனால் கொத்தனார் ஆய்வுக் கட்டுரை படிப்பதில்லை. வீட்டுக்காரருக்கோ, மழையில் சுவர் கரைந்துவிடுமோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஆலோசகர். 1990-இல் தொழில் தொடங்கிய கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத், வித்யாரண்யபுரத்தில் தம் சொந்த வீட்டையே மண்கல்லில் கட்டிக் காட்டினார். ஆயிரம் விளக்கத்தைவிட அது மேல்.

ஆலோசகரின் வேலை எளிய சோதனையில் தொடங்குகிறது. கண்ணாடிக் குப்பியில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் முதலில் மணல் படியும். களி கடைசியில் படியும். களி மிகுந்தால் மணல் சேர்க்கவேண்டும். கரிசலுக்குச் சிமெண்ட் மட்டும் போதாது, சுண்ணாம்பும் வேண்டும். அடியில் கருங்கல் கட்டு, மேலே வெளியே நீண்ட கூரை. இவை இருந்தால் மழைப் பயம் குறையும்.

நான் பார்த்த ஒரு மனையில் ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டு ஒரே வாரத்தில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டார். கல்லின் ஓரங்கள் விரல் பட்டாலே உதிர்ந்தன. குற்றம் மண்கல்லின் தலையில் விழுந்தது! மூன்று வாரமாவது ஈரம் காக்கவேண்டும் என்று அங்கே சொல்ல ஆளில்லை.

இங்கே கொத்து வேலைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வரும் நம்மவர் ஏராளம். தமிழில் பக்குவமாக எடுத்துச் சொன்னால் இரண்டே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்கும் சந்தேகங்களை ஆலோசகர் ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுபோக வேண்டும்.

ஆலோசகர் கட்டணத்தை வீண் செலவென்று எண்ணாதீர்கள். உங்கள் மனையில் கடைக்கால் தோண்டும்போது அந்த மண்ணை லாரியில் ஏற்றி அனுப்புமுன், ஒரு குப்பியில் கொஞ்சம் எடுத்து அவரிடம் காட்டுங்கள்.