நின்று நின்று ஆடும் ஆட்டம்

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐந்தாறு விநாடி மோதுகிறார்கள், அப்புறம் அரை நிமிடம் கூடிப் பேசுகிறார்கள். ஏன் இப்படி நின்று நின்று ஆடுகிறார்கள்?"

முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதினொரு பேர் என்பதெல்லாம் பார்த்தாலே புரிந்துவிடும். புரியாதது இந்த நிறுத்தம்தான். ஆட்டத்தின் உயிரும் அதுதான். தாய் ஆட்டமான ரக்பியில் பந்தோடு ஓடுபவரைச் சாய்த்தாலும் ஆட்டம் நிற்காது; விழுந்த இடத்திலேயே பந்துக்குப் போராட்டம் தொடரும். 1880-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கேம்ப் இதை மாற்றினார். ஆள் விழுந்தால் ஆட்டம் நிற்கும். பந்து அதே அணியிடம் இருக்கும். இரு அணியும் எதிரெதிரே வரிசைகட்ட, ஆட்டம் புதிதாகத் தொடங்கும். எங்கள் ஊர்க் கபடியில் பாடிப் போனவர் திரும்பியதும் ஒரு கணக்கு முடிந்து அடுத்தது தொடங்குமே, அதுபோல.

விளைவு? 1881-இல் யேலோடு மோதிய பிரின்ஸ்டன் அணி முதல் பாதி முழுக்கப் பந்தை விடவில்லை. யேல் இரண்டாம் பாதி முழுக்க விடவில்லை. முடிவு 0-0. அதனால்தான் மறு ஆண்டே, மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு என்று விதி வந்தது. இன்று நான்கு முயற்சி, 10 கஜம். திடலில் வரிவரியாகக் கோடு விழுந்தது இந்தக் கணக்கைப் பார்க்கத்தான்.

சில கஜத்துக்காகக் கும்பலாக முட்டி மோதியதில் இளைஞர்கள் செத்தார்கள். 1905-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்டே கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அந்தக் கும்பல் மோதலைக் குறைக்க 1906-இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. ரக்பியில் இன்றும் அது குற்றம்; பந்து இல்லாதவரை மறிப்பதும் குற்றம். இங்கே மறிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் உண்டு.

பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர் அப்படிப்பட்டவர். பந்தைப் பின்னால் கொடுத்த கணமே எதிராளியோடு மோத வேண்டிய இடம் அவருடையது. ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஒரு மோதல். 2002-இல் அவர் இறந்தபின் மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையை ஆராய்ந்து, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வரும் சிதைவைக் கண்டார். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

இது தெரிந்த பிறகும் சின்னப் பிள்ளைகளுக்குக் கவசம் மாட்டி மோதவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினாலே ஆட்டம் நிற்கும் 'ஃபிளாக்' கால்பந்து இருக்கிறது. அதே வியூகம், அதே எறிதல். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆடப்போவதும் அதைத்தான்.