பைக்கில் அணையாத எச்சரிக்கை விளக்கு: பயணத்தைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா?

வரதய்யபாளையம் (ஆந்திரா): சென்னையிலிருந்து பைக்கில் புறப்பட்டு, தடா வழியாக உப்பலமடுகு அருவிக்கும் ஸ்ரீகாளஹஸ்திக்கும் செல்வோர் கடந்து செல்லும் ஊர்களில் ஒன்று, திருப்பதி மாவட்டத்திலுள்ள வரதய்யபாளையம். அருவிக்குச் செல்லும் பாதை வனப்பகுதிக்குள் செல்வதால், அங்கு வண்டி பழுதானால் மெக்கானிக் கிடைப்பது எளிதல்ல. இத்தகைய பயணத்தில் கருவிப் பலகையில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்து, அணையாமலே இருந்தால் என்ன செய்வது? விளக்கின் நிறத்தையும் அது எரியும் விதத்தையும் கவனித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

விளக்கு ஏன் வந்தது?

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதனுடன் வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் ஓபிடி அமைப்பும் இருசக்கர வாகனங்களுக்குக் கட்டாயமானது. சென்சார்கள் அனுப்பும் தகவல்களை ஈசியூ எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி தொடர்ந்து சரிபார்க்கிறது. தவறு தென்பட்டால் அதற்குரிய குறியீட்டைப் பதிவு செய்து, மஞ்சள் நிற இன்ஜின் விளக்கை எரியச் செய்கிறது. 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் இந்தக் கண்காணிப்பு மேலும் கடுமையாக்கப்பட்டது. பழைய பைக்குகளில் வெளியே தெரியாமல் போன சிறு குறைகள்கூட இன்று விளக்காகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

சிவப்பு வேறு, மஞ்சள் வேறு

சிவப்பு விளக்கு உடனடி ஆபத்தைக் குறிக்கும். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். ஆயில் அழுத்தமின்றிச் சில நிமிடங்கள் ஓடினாலே இன்ஜின் பெரும் சேதமடையக்கூடும். வெப்ப எச்சரிக்கை வந்தாலும் நிறுத்திக் குளிரவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தும் வண்டி இயல்பாக ஓடினால், மிதமான வேகத்தில் அருகிலுள்ள சர்வீஸ் மையத்தை அடையலாம். இழுவிசை குறைந்தாலோ, இன்ஜின் திணறினாலோ தொலைதூரப் பயணத்தைத் தொடராமல் திரும்புவதே நல்லது. விளக்கு சிமிட்டுவதன் பொருள் மாடலுக்கு மாடல் வேறுபடும். சில பைக்குகளில் சிமிட்டும் எண்ணிக்கையே பழுதுக் குறியீடாகும். எனவே உரிமையாளர் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

ஏபிஎஸ் விளக்கு

சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிவதும், வண்டி நகர்ந்து சற்று வேகம் எடுத்ததும் அணைவதும் இயல்பு. ஓடும்போதும் அணையாவிட்டால் ஏபிஎஸ் செயல்படவில்லை என்று பொருள். வழக்கமான பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈரச் சாலையிலும் ஜல்லியிலும் திடீரெனப் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

சில அட்வெஞ்சர் பைக்குகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை ஓட்டுநரே நிறுத்தி வைக்கலாம். அப்போதும் இந்த விளக்கு எரியலாம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தை மட்டும் சுழலவிட்டாலும், இரு சக்கரங்களின் வேகம் பொருந்தாததால் விளக்கு எரியக்கூடும். சாவியை அணைத்து மீண்டும் போட்டு, சிறிது தூரம் ஓட்டினால் அது அணைந்துவிடும்.

அழித்தாலும் மீண்டும் வருவது ஏன்?

பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டுவதும், ஸ்கேனரால் குறியீட்டை அழிப்பதும் பலர் செய்யும் முதல் முயற்சி. இதனால் பதிவு நீங்கலாமே தவிர, பழுது நீங்காது. அடுத்த சோதனையில் அதே தவறு தென்பட்டால் விளக்கு மீண்டும் எரியும். மாறாக, பழுது உண்மையாகவே சரியாகிவிட்டால், பொதுவாகத் தவறின்றி மூன்று ஓட்டச் சுற்றுகள் முடிந்ததும் விளக்கு தானாகவே அணைந்துவிடும். குறியீட்டைக் குறித்துக்கொள்ளாமல் அழித்துவிட்டால், மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய முக்கியத் தடயமும் போய்விடும்.

குறியீடு சுட்டும் பாகத்தை உடனே மாற்றுவதும் வீண் செலவில் முடியலாம். எடுத்துக்காட்டாக, பி0130 என்பது ஆக்சிஜன் சென்சாரின் மின்சுற்றைக் குறிக்கிறது. கோளாறு சென்சாரில் இருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் நீர் புகுந்திருக்கலாம். நிறுவனம் பொருத்தாத சைலன்சரை மாற்றியதாலும் ஆக்சிஜன் சென்சார் தொடர்பான குறியீடுகள் வரலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் சோதிக்க வேண்டியது பேட்டரி. ஓய்வில் சுமார் 12.6 வோல்ட்டும், இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் இருக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் பி0562 என்ற குறியீடு பதிவாகலாம். தொடர்பில்லாத வேறு எச்சரிக்கைகளும் தோன்றலாம். அடுத்து பேட்டரி முனைகளின் இறுக்கம், ஃபியூஸ், பின்னாளில் பொருத்திய கூடுதல் விளக்குகள், மொபைல் சார்ஜர் ஆகியவற்றின் ஒயர் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் விளக்கு என்றால், சக்கர வேக சென்சாரிலும் அதன் பல்வளையத்திலும் சேறு படிந்துள்ளதா என்று கவனிக்க வேண்டும்.

விளக்கு எப்போது எரிந்தது, மழைக்குப் பின்னா, வண்டியைக் கழுவிய பிறகா, பெட்ரோல் நிரப்பிய பிறகா என்பதைக் குறித்துக்கொண்டு, கருவிப் பலகையைப் படமும் எடுத்து சர்வீஸ் மையத்தில் காட்டினால், பழுதைத் தேடும் நேரமும் தேவையற்ற செலவும் குறையும்.