மூன்றாவது வாரம் வந்தால் திருநாள்!

அந்த வீட்டுத் தாய்க்குப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் நரம்பு ஊசி வழியாக மருந்து ஏற்றுகிறார்கள். இதுதான் "கீமோதெரபி".

எப்படி வேலை செய்கிறது?

வேகமாக வளரும் அணுக்களை இந்த மருந்து கொல்லும். புற்று அப்படிப்பட்டது. முடியின் வேரும், வாயின் உட்புறமும், ரத்த அணுக்களும் அப்படியே. ஆகவே அவையும் அடிபடும். அவை தேறுவதற்காகவே இடையில் ஓய்வு.

முதல் வாரம் குமட்டல். தாளிக்கிற வாசனையே ஆகாது. அடுப்படியில் கணவர் நிற்கிறார். ஆறிய கஞ்சி, காரமில்லாத தயிர்சாதம்.

இரண்டாவது வாரம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும். கூட்டத்துக்குப் போகக்கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுஇரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

மூன்றாவது வாரம் பசி எடுக்கும். "ரசம் வையுங்கள்" என்பாள். அன்றுதான் தீபாவளி! கூடத்தில் தாயக்கட்டை உருளும்.

மொட்டைத் தலை

முதல் ஊசி போட்டு மூன்றாவது வாரம், சீப்பில் முடி கொத்தாக வந்தது. தாய் அழுதாள். சின்ன மகள் ஓடிவந்தாள்.

"தம்பிக்குப் பழனியில் மொட்டை போட்டோமே. வளர்ந்துவிட்டதே அம்மா!"

தாய் சிரித்துவிட்டாள். குழந்தை சொன்னது சரி. சிகிச்சை முடிந்தால் பெரும்பாலும் முடி வளர்ந்துவிடும்.

மடியில் இடம்

"நோய் ஒட்டிக்கொள்ளும்" என்று பாட்டி குழந்தைகளைத் தள்ளியே வைத்திருந்தாள். புற்றுநோய் தொத்துநோய் அல்ல என்று டாக்டர் எடுத்துச் சொன்னார்.

இன்னும் 3 ஊசி பாக்கி. தம்பி இப்போது அம்மா மடியில்தான் தூங்குகிறான்.